கராச்சிக்காரர் கொடுத்த டிக்கெட்

என் அப்பாவுக்குப் பாகிஸ்தான் மீது பகை வந்தது தில்லிக்கு வந்த பிறகுதான். பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில் அவருக்கு இருந்த ஒரே எதிரி பம்பாய். ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டில் மதராஸ் அணியைப் பம்பாய் அணி வருஷா வருஷம் நசுக்குவதைப் பூர்வீக நிலம் பறிபோன வேதனையோடு பேசுவார். மத்திய அரசில் வேலை கிடைத்து, கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸும் கிடைத்த பிறகு, இந்தச் சில்லறைப் பகையை வைத்துக்கொண்டு தலைநகரில் காலம் தள்ள முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அவருக்கு இதில் பாடம் எடுத்தவர் அடுத்த வீட்டு பஞ்சாபிக்காரர். பிரிவினையின்போது லாகூரிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர். மாலையில் இருவரும் வாசலில் நின்று பேசுவார்கள். பஞ்சாபிக்காரர் கோபப்படுவார், அப்பா அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபப்படுவார். பாடம் முடிந்த கையோடு இருவருக்கும் பொதுக் குழாய்த் தண்ணீர் விஷயத்தில் சண்டை வந்து பேச்சு நின்றுபோயிற்று. குரு போய்விட்டார், கற்ற வித்தை மட்டும் அப்பாவிடம் தங்கிவிட்டது.

அந்த வித்தையைக் காட்டத்தான் வழியில்லை. இரண்டு நாடுகளும் கிரிக்கெட் ஆடியே பல வருஷங்கள் ஆகியிருந்தன. நடுவில் இரண்டு போர்கள் நடந்து முடிந்திருந்தன. சண்டை போட நேரம் இருந்ததே தவிர ஆடுவதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒருவழியாக எழுபதுகளின் பிற்பகுதியில் நம் அணி அங்கே போனது, தோற்றுத் திரும்பியது. அப்பா டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளைக்கு அம்மா தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்ததால் துக்கம் அத்தோடு முடிந்தது.

அடுத்த வருஷக் குளிர்காலத்தில் அவர்கள் இங்கே வந்தார்கள். தில்லியில் ஒரு டெஸ்ட். கோட்லா மைதானம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அப்பா அலுவலகத்தில் எல்லாரிடமும் டிக்கெட் கேட்டுப் பார்த்தார். அலுவலகத்துக்கு வந்த டிக்கெட்டுகள் அதிகாரிகளின் மைத்துனர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தனக்கு ஒரு தங்கை இல்லாமல் போனதை எண்ணி அப்பா முதல்முறையாக வருத்தப்பட்டார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் காலை கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன். அப்போது நான் பி.ஏ. முடித்துவிட்டு, அரசாங்க டைப்பிஸ்ட் பரீட்சை முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன். வாசலில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் மப்ளர். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலைப்படியை, சுவரை, கூரையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பின்பக்க வராந்தாவைப் பலகை வைத்து அடைத்து எனக்கு ஓர் அறை செய்து கொடுத்திருந்தார். அரசாங்க வீட்டில் அனுமதி இல்லாமல் ஆணி அடிப்பதே குற்றம். வந்தவர் வீட்டுப் பிரிவு இன்ஸ்பெக்டர் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

"ஏளா, பொறவாசல்ல உன் துணிமணியெல்லாம் எடுத்துரு. யாரும் அங்க படுக்கலன்னு சொல்லணும்" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு, வந்தவரிடம் இந்தியில், "அது மழைச் சாரலுக்காக வைத்த பலகை, சார். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்" என்றார்.

வந்தவர் குழம்பிப்போனார். "மன்னிக்கணும் பாய் சாப். நான் கராச்சியிலிருந்து வருகிறேன்" என்றார்.

"பாகிஸ்தானா?"

"ஜி."

"அப்பாடா" என்றார் அப்பா தமிழில். "உள்ளே வாங்க, உள்ளே வாங்க."

தன் வாழ்நாளில் சந்தித்த முதல் பாகிஸ்தானியை என் அப்பா இப்படித்தான் வரவேற்றார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தபடி அவர் சொன்னார். பேசியது அழகான உருது; எனக்கு வாய்த்த தமிழில் இங்கே எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய தகப்பனாரும் சர்க்கார் குமாஸ்தா. இதே வீட்டில்தான் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்தார்கள். நாடு பிரிந்தபோது, எந்த சர்க்காரில் வேலை செய்ய விருப்பம் என்று குமாஸ்தாக்களைக் கேட்டார்கள். அவருடைய தகப்பனார் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்குக் கல்லூரி மாணவனாக இந்த வாசலைத் தாண்டிப் போனவர் அதன்பின் இன்றைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார்.

"எத்தனையோ தடவை விசா கேட்டேன். பழைய வீட்டைப் பார்க்கணும் என்றால் கொடுக்க மாட்டார்கள். கிரிக்கெட் பார்க்கணும் என்றேன். உடனே கொடுத்துவிட்டார்கள்" என்றார்.

அப்பாவின் கண் அகன்றது. "அப்படியானால் டிக்கெட்?"

"இருக்கிறது. எல்லா நாளுக்கும் சேர்த்து." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்த ஆட்டம் எத்தனை நாள் நடக்கும்? ஒரு நாளில் முடியாதா?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். டிக்கெட் இல்லாத ஓர் இந்தியனும், டிக்கெட் வைத்துக்கொண்டு டெஸ்ட் மாட்ச் எத்தனை நாள் என்று கேட்கும் ஒரு பாகிஸ்தானியும் ஒரே அறையில் இருப்பதைப் பகவான் எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வந்தவருக்கு இங்கே ஒரு வேலையும் இருந்தது. கராச்சியில் அவருடைய தாயார் உயிரோடு இருந்தார், மிகவும் வயதானவர். மூத்த அக்காவும் அதே வீட்டில்தான். இந்தக் குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதில் அவர்கள் இரண்டு பேருக்கும் பல வருஷமாகத் தீராத வழக்கு. ஜன்னலைத் திறந்தால் நாவல் மரம் தெரியும், பறவைகளுக்கு ரொட்டித் துண்டு போடுவேன் என்பது தாயார் கட்சி. மரம் வாசல் பக்கம் இருந்தது, ஜன்னலில் அடுத்த வீட்டு முற்றம்தான் தெரியும் என்பது அக்காள் கட்சி. "இதில் இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள்" என்றார்.

அம்மா அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலைத் திறந்தாள். பஞ்சாபிக்காரர் வீட்டு முற்றத்தில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் நெடுநேரம் அந்தப் போர்வைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்படும்போது, "நான் தங்கியிருப்பது பழைய தில்லியில், பல்லிமாரானில், தூரத்து உறவினர் வீட்டில். அங்கே இருபது பேர் இருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும் நாட்களில் பகலில் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமா? டிக்கெட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அப்பா கொள்கைக்காக ஒருமுறை மறுத்தார். "எதிரி கொடுத்து நான் வாங்கணுமா?" என்று தமிழில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பம் திருப்பிக் குடுத்துருதியளா?" என்றாள் அம்மா.

அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பா லீவு போட்டுவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு எதிரியின் டிக்கெட்டில் கோட்லாவுக்குப் புறப்பட்டார். அதே நேரத்தில் எதிரி எங்கள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினார்.

அவர் அதிகம் பேசவில்லை. வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவ்வப்போது எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்ப்பார். அம்மாவோடு பேசுவார். அம்மாவின் இந்தி காய்கறிக்காரனிடம் கற்றது. அதில் எல்லாரும் ஒருமையில் "தும்"தான், எல்லாமே ஆண்பால்தான். லக்னோவிலும் தில்லியிலும் பிறந்த உருதுவைப் பேசியவர் அதைக் கேட்டு ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. "பஹன்ஜி" என்று, சகோதரியாகத்தான் அம்மாவைக் கூப்பிட்டார்.

நண்பகலில் கீரைக்காரன் வந்து என்னிடம் ரகசியமாக, "மூலையில் சைக்கிளோடு நிற்கிறானே, அவன் ரகசியப் போலீஸ். உங்கள் விருந்தாளிக்குப் பின்னால் வந்திருக்கிறான். தெரு முழுக்கத் தெரியும்" என்றான்.

போய்ப் பார்த்தேன். பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை போர்த்திய தடித்த மனிதர், குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் விறுவிறுவென்று என்னிடமே வந்துவிட்டார். ஹரியானாக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏம்மா, அந்தக் கராச்சி ஆள் எப்போ மைதானத்துக்குப் போவார்?"

"அவர் போகவில்லையே."

"போகவில்லையா? கிரிக்கெட் பார்க்கத்தானே விசா வாங்கினார்?" அவர் குரல் உடைந்துவிட்டது. "இந்த டியூட்டிக்கு எங்கள் ஸ்டேஷனில் எத்தனை பேர் போட்டி போட்டோம் தெரியுமா? பாகிஸ்தான்காரன் பின்னால் போனால் சும்மாவே டெஸ்ட் மாட்ச் பார்க்கலாம் என்று, இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து வாங்கினேன். மற்ற எல்லாரும் இப்போது கோட்லாவில் உட்கார்ந்து கடலை தின்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் மதராசி வீட்டில் உட்கார்ந்து வெயில் காய்கிறார்!"

அம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். வானொலியில் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கராச்சிக்காரருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, டிரான்சிஸ்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதன்பிறகு வேவு பார்க்கும் வேலை எங்கள் கூடத்திலேயே நடந்தது.

இரண்டாம் நாள் நம்முடைய விக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஏறக்குறைய தனியாளாகவே எல்லாரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன ஆயிற்று? யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கராச்சிக்காரர் என்னைக் கேட்டார். உங்கள் ஆட்கள் ஜெயிக்கிறார்கள் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்கு மரியாதையாக முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பா திரும்பியபோது ஸ்வெட்டர் பை நிறையப் பிஸ்தாப் பருப்பு. அம்மா கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த டிக்கெட்டு அவுகளுக்குன்னே ஒதுக்குன வரிசையாம். சுத்தி எல்லாம் பாகிஸ்தான்காரன். விக்கெட்டு விழுந்தா எந்திரிச்சுக் குதிக்கான். நான் மட்டும் உக்காந்திருந்தா என்ன நெனைப்பான்?"

"நீங்களும் குதிச்சியளா?"

"கைதட்டுனேன். லேசாத்தான்."

"பொறவு?"

"பக்கத்துல ஒருத்தன், சாச்சா எந்த ஊருன்னான். டிக்கெட்டு கராச்சிக்காரருதுல்லா, அதனால கராச்சின்னேன். என் இந்தியைக் கேட்டுட்டு, ஓகோ, மதராசிபாடாவான்னான். கராச்சியில நம்மாளுக குடியிருக்க பேட்டை ஒண்ணு இருக்காம்லா. ஆமான்னுட்டேன். பிஸ்தா குடுத்தான்."

அவர் குரலில் அவமானமும், பிஸ்தா நன்றாக இருந்த திருப்தியும் சரிசமமாகக் கலந்திருந்தன. மறுநாளும் அதே இடத்துக்கு, முந்தைய நாளைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அந்தக் காலத்தில் டெஸ்டின் நடுவில் ஓய்வு நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு அம்மா எல்லாருக்கும் சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்தாள். அப்பா, கராச்சிக்காரர், ரகசியப் போலீஸ் மூவரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேங்காய்ப் பாலைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் ஜாதியைப் போலீஸ்காரர் அன்றுதான் முதலில் பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் அப்பா தீப்பெட்டிகளை அடுக்கிக் கராச்சிக்காரருக்கு ஆட்டத்தை விளக்கத் தொடங்கினார். காலில் பந்து பட்டால் ஏன் சில சமயம் அவுட், சில சமயம் இல்லை என்ற இடம் வந்ததும், "இவ்வளவு குழப்பத்தை வெள்ளைக்காரன் இரண்டு பக்கத்துக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறான், நல்ல வேலை" என்று சொல்லிக் கராச்சிக்காரர் எழுந்துவிட்டார்.

அப்போது அடுத்த வீட்டு பஞ்சாபிக்காரர் சுவருக்கு மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டோடு அவர் பேசியதே கிடையாது. "மகளே, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பவர் அந்தப் பக்கத்துக்காரரா?" என்றார். முகத்தில் கோபம் இல்லை, வேறு என்னவோ இருந்தது. "லாகூரா?"

"இல்லை அங்கிள். கராச்சி."

"ஓ, கராச்சியா" என்றார். உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள் ஆட்டம் திரும்பியது. பெரிய இலக்கை நோக்கி நம் ஆட்கள் நிதானமாக ஆடத் தொடங்கியிருந்தார்கள். கடைசி நாள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற நிலை. அப்பா பூரித்துப்போய் வீடு திரும்பினார். "நாளைக்கு அந்த பிஸ்தாக்காரன் மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

கூடத்தில் போலீஸ்காரர் கைகூப்பியபடி நின்றார்.

"பாய் சாப், ஒரு உதவி. எங்கள் பெரிய அதிகாரி நாளைக்குக் கோட்லாவுக்கு வருகிறார். வந்த ஆட்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பாராம். இவர் தினமும் ஒழுங்காக ஆட்டம் பார்க்கிறார் என்றுதான் நான் சொல்லி வைத்திருக்கிறேன். நாளை ஒரு நாள் இவர் தன் இடத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் என் வேலை போகும். சர்க்கார் உத்தியோகஸ்தரான உங்களிடமும் நாலு கேள்வி கேட்பார்கள்."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பின்னால் பலகை அடைத்த வராந்தாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கராச்சிக்காரரிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாமே. காலையிலிருந்து மாலை வரை அங்கே நான் என்ன செய்வேன்?" என்றார் கராச்சிக்காரர் கவலையோடு.

"உட்கார்ந்திருங்கள். நான் பக்கத்தில் இருப்பேன்" என்ற போலீஸ்காரரின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

கடைசி நாள் அப்பா டிரான்சிஸ்டரோடு வீட்டில் உட்கார்ந்தார். லீவு எடுத்ததை வீணாக்க மனமில்லை. மதியத்துக்கு மேல் நம்முடைய ஆட்டக்காரர் ஒருவர் அசையாமல் நின்று ஓட்டங்களைக் குவிக்க, இலக்கு நெருங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வீட்டிலிருந்து பெரும் கூச்சல் கேட்டது. அங்கே டெலிவிஷன் இருந்தது. எங்கள் வரிசையிலேயே அது ஒன்றுதான்.

"போய்ப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"அவன் வீட்டுக்கா? தண்ணிய அடைச்சவன் வீட்டுக்கா? என் பொணம் போவும்."

"பாகிஸ்தான்காரரு நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுட்டே போயிட்டாரு. உங்களால அடுத்த வீட்டுக்குப் போவ முடியலியோ?"

அப்பா போகவில்லை. ஆனால் சற்று நேரத்தில் அவரைக் காணோம். தேடியபோது சமையலறையில் முக்காலிமேல் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு முற்றத்தைத் தாண்டி, திறந்த கதவின் வழியாக டெலிவிஷனின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. பந்து வீச ஓடி வருகிறவர் தெரிந்தார். அடிப்பவர் தெரியவில்லை. பந்து புறப்படும், என்ன ஆயிற்று என்பதைக் கூச்சலை வைத்து ஊகிக்க வேண்டும். சாயங்காலம் வரை அப்படியே நின்றார். அம்மா அவர் காலடியில் குனிந்து குனிந்து சமைத்தாள்.

இன்னும் கொஞ்சம் ஓட்டங்கள்தான் பாக்கி என்ற நிலையில் நேரம் முடிந்துவிட்டது. யாருக்கும் வெற்றி இல்லை. அப்பா முக்காலியிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

இருட்டும் நேரத்தில் கராச்சிக்காரர் வந்து சேர்ந்தார். போலீஸ்காரர் கோட்லா வாசலிலேயே அவரை ஆரத் தழுவி விடை பெற்றுக்கொண்டாராம். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க! கடைசி ஒரு மணி நேரம் எப்படி இருந்தது? ஏன் வேகமாக ஆடவில்லை? பந்து திரும்பியதா?"

கராச்சிக்காரர் யோசித்தார். தன்னால் முடிந்த அளவு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பியது தெரிந்தது.

"நல்ல வெயில் இருந்தது" என்றார். "கிளிகள் வந்து போயின. எல்லாரும் அடிக்கடி எழுந்து நின்றார்கள், ஏன் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு பையன், மதராசிபாடா சாச்சா இன்றைக்கு வரவில்லையா என்று கேட்டு மிகவும் வருத்தப்பட்டான். கடைசியில் இரண்டு பக்கமும் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்."

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதான் பாய் சாப்."

மறுநாள் காலை அவருக்கு ரயில். விடைபெற வந்தபோது அம்மா கேட்டாள்: "ஜன்னலைப் பற்றி ஊரில் போய் என்ன சொல்வாய்?" தும்தான், மாற்றவில்லை.

"அதுதான் புரியவில்லை பஹன்ஜி. அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் அம்மாவுக்கு இந்த வயதில்..."

"மரத்தைத்தான் பார்த்தேன் என்று சொல். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி இருக்கும்."

அவர் சிரித்தார். பிறகு சமையலறைக்குப் போய் ஜன்னலை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அதன்பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அம்மாவின் யோசனையைக் கேட்டாரா என்பதும் தெரியாது.

அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்தடுத்த வருஷங்களில் பாகிஸ்தானோடு நடந்த ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே ஆவேசத்தோடு கத்தினார். அரபுநாட்டுப் பாலைவன ஊரில் அவர்கள் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து ஜெயித்த அன்று, எங்கள் புது டெலிவிஷன்மேல் செருப்பை எறிந்தார். ஒரே ஒரு மாற்றம்தான். ஆட்டத்துக்கு முன்னால் யாராவது, "அவங்க ஆளுங்க மைதானத்துல எப்படி நடந்துப்பாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியும்வே, நான் கூட உக்காந்திருக்கேன். நல்ல பிஸ்தா கொண்டாருவான்" என்று சொல்லிவிட்டு, தொடர்ந்து திட்டுவார்.

ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகு அந்த டெஸ்டைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய நேரம் இருந்தது. தில்லியில் டெஸ்ட் பார்த்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மாலையில் நாலு பேர் சேர்ந்தால் போதும். கடைசி நாள் கடைசி ஓவர் வரை தான் மைதானத்தில் இருந்ததாகவும், பந்து எப்படித் திரும்பியது, பேட்ஸ்மேன் முகத்தில் என்ன தெரிந்தது என்றெல்லாமும் சொல்வார். பிஸ்தாக்காரன் அழுததையும் சேர்த்துக்கொள்வார். அம்மா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள்கூடக் குறுக்கே பேசியதில்லை. நான் விடுமுறையில் போயிருந்தபோது ஏன் என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "விடு. அங்க போயிருந்தவருக்குத்தான் ஒண்ணும் சொல்லத் தெரியலியே. இவுகளாவது சொல்லட்டும்" என்றாள்.